நீர்ப்பம்பிக்கு மின்சாரம்: வோல்ற்றும் அம்பியரும் கொண்டு தடையையும் வலுவையும் கணித்தல்

கமக்காரர் கவனத்துக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களிலும் கற்பிட்டிப் பகுதியின் மணற்றரைகளிலும் வெங்காயம், மிளகாய், கத்தரி, தக்காளி முதலிய பயிர்கள் பெரும்பாலும் கிணற்று நீரைக் கொண்டே செய்கை பண்ணப்படுகின்றன. நெற்செய்கை நடைபெறும் இடங்களிலுங்கூட, குளத்து நீர் குறையுங் காலத்தில் நாற்றுமேடையைக் காப்பதற்கும், வயலோரத்து மேட்டு நிலத்தில் மரக்கறி செய்வதற்கும் கிணற்று நீர் உதவுகின்றது. முன்னாளில் துலாவினாலும் சூத்திரத்தினாலும் நீர் இறைத்தனர். பின்னர் மண்ணெண்ணெயில் இயங்கும் பம்பிகள் வந்தன. 2022ஆம் ஆண்டில் எரிபொருட் தட்டுப்பாடு நேர்ந்தபோது எண்ணெய்ப் பம்பிகளை மாத்திரம் நம்பியிருந்தோர் பட்ட இடரைக் கமக்காரர் யாவரும் அறிவர். மின்சார வசதியுள்ள இடங்களில் மின்பம்பியே இலகுவானதும் செலவு குறைந்ததுமாகும்.

ஆயினும் மின்பம்பி வாங்கிய கமக்காரர் சிலர் ஒரு குறையைக் கூறுவதுண்டு. "கடையில் ஓடிக் காட்டியபோது நன்றாக இறைத்தது, தோட்டத்தில் பூட்டிய பின் முனகுகின்றது, மாலை வேளையில் தொடங்குவதே இல்லை, ஒரு போகம் முடியுமுன் மோட்டாரின் சுருள் கருகிவிட்டது" என்பர். பம்பியே பழுதானது என்று அதனை மாற்றுவோரும் உளர். மாற்றிய பம்பிக்கும் அதே கதி நேர்கின்றது. இத்தகைய குறைகளுட் பல பம்பியிலன்று, வீட்டிலிருந்து கிணற்றுக்குச் செல்லும் கம்பியிலேயே உள்ளன. இதனைக் கண்டறிதற்கு ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் போதும். அக்கணக்கை எவ்வாறு செய்வது என்பதே இத்துண்டுப் பிரசுரத்தின் பொருளாகும்.

1. மூன்று அளவுகள்

மின்சாரத்தை வாய்க்கால் நீரோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். குளத்தில் நீர்மட்டம் உயர்ந்திருந்தால் வாய்க்காலில் நீர் வேகமாகத் தள்ளப்படும். அவ்வாறே மின்சாரத்தைத் தள்ளும் விசைக்கு வோல்ற்றளவு என்று பெயர். அது வோல்ற்றில் அளக்கப்படும். இலங்கையில் வீடுகளுக்கு வழங்கப்படும் மின்சாரம் 230 வோல்ற்று ஆகும்.

வாய்க்காலில் ஒரு கணத்தில் எவ்வளவு நீர் ஓடுகின்றது என்பதைப் போன்றது மின்னோட்டம். அது அம்பியரில் அளக்கப்படும்.

வாய்க்கால் ஒடுங்கியும் புல் மண்டியும் நீண்டும் இருந்தால் நீர் தடைப்படும். அவ்வாறே கம்பி மெலிந்தும் நீண்டும் இருந்தால் மின்னோட்டம் தடைப்படும். இதற்குத் தடை என்று பெயர். அது ஓம் என்னும் அலகில் அளக்கப்படும். 1827ஆம் ஆண்டில் இவ்விதியை நூலாக வெளியிட்ட செருமானிய நாட்டு ஆசிரியர் ஜோர்ஜ் சைமன் ஓம் என்பவரின் பெயரே இவ்வலகுக்கு இடப்பட்டது.

2. தடையைக் கணித்தல்

விதி இதுவாகும்: வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் ஓம் கிடைக்கும்.

தடை = வோல்ற்று ÷ அம்பியர்

இதனை வேறு இரு விதமாகவும் எழுதலாம்.

அம்பியர் = வோல்ற்று ÷ தடை
வோல்ற்று = அம்பியர் × தடை

எடுத்துக்காட்டாக, வீட்டில் தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தலொன்று 230 வோல்ற்றில் 5 அம்பியரை எடுக்கின்றது எனக் கொள்வோம். அதன் தடை 230 ÷ 5 = 46 ஓம் ஆகும்.

3. வலுவைக் கணித்தல்

ஒரு கணத்தில் எவ்வளவு வேலை நடைபெறுகின்றது என்பதே வலு. அது வாற்றில் அளக்கப்படும். ஆயிரம் வாற்று ஒரு கிலோவாற்று ஆகும்.

வலு = வோல்ற்று × அம்பியர்

மேற்கூறிய கேத்தலின் வலு 230 × 5 = 1150 வாற்று. ஒரு கிலோவாற்று வலுவை ஒரு மணி நேரம் பயன்படுத்தினால் மின்மானியில் ஓர் அலகு ஏறும். ஆகவே இக்கேத்தல் ஒரு மணி நேரம் தொடர்ந்து எரிந்தால் 1.15 அலகு செலவாகும்.

கம்பியில் வீணாகும் வலுவைக் கணிப்பதற்கு இவ்விதியையே சற்று மாற்றி எழுதுதல் வசதியாகும்.

வீணாகும் வலு = அம்பியர் × அம்பியர் × தடை

இதில் அம்பியர் இருமுறை பெருக்கப்படுவதைக் கவனிக்க. மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். மோட்டார் கருகுவதற்கும் மூட்டுகள் எரிவதற்கும் காரணம் இதுவே.

4. மோட்டாரின் பெயர்த்தகடு

ஒவ்வொரு மோட்டாரிலும் ஒரு தகடு பதிக்கப்பட்டிருக்கும். அதில் வோல்ற்று, அம்பியர், பரிவலு ஆகியன குறிக்கப்பட்டிருக்கும். ஒரு பரிவலு 746 வாற்றுக்குச் சமம். ஆனால் இது மோட்டாரின் அச்சிற் கிடைக்கும் வலுவேயன்றி, மின்சாரத்திலிருந்து மோட்டார் எடுக்கும் வலுவன்று.

ஒரு பரிவலு மோட்டாரின் தகட்டில் 230 வோல்ற்று, 6 அம்பியர் எனக் குறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். இவ்விரண்டையும் பெருக்கினால் 1380 வரும். கேத்தலுக்கு இக்கணக்கு இத்துடன் முடிந்துவிடும். மோட்டாருக்கோ இன்னும் ஓர் எண்ணாற் பெருக்குதல் வேண்டும். அது வலுக்காரணி எனப்படும். அது தகட்டிற் குறிக்கப்பட்டிருக்கலாம். இல்லையெனில் சிறிய பம்பிகளுக்கு 0.8 என மதிப்பிடலாம். 1380 × 0.8 = 1104 வாற்று. ஆகவே இப்பம்பி மணிக்கு ஏறத்தாழ 1.1 அலகு செலவிடும். எடுத்த 1104 வாற்றில் 746 வாற்றே அச்சைச் சுழற்றுகின்றது. எஞ்சிய 358 வாற்று, மோட்டாரின் உள்ளே பெரும்பாலும் வெப்பமாக மாறுகின்றது. குறையற்ற மோட்டாரும் ஓடும்போது சூடாவது இதனாலேயே.

5. கம்பியில் இழக்கப்படும் வோல்ற்று

வீட்டிலுள்ள மின்மானியில் 230 வோல்ற்று இருப்பதால் கிணற்றடியிலும் 230 வோல்ற்று இருக்கும் என எண்ணுதல் தவறாகும். மின்னோட்டம் ஓடும்போது கம்பியின் தடை ஒரு பங்கு வோல்ற்றைத் தானே எடுத்துக்கொள்ளும்; எஞ்சியதே பம்பிக்குக் கிடைக்கும். கடைவாய்க்காலின் கடைசி வயலுக்கு நீர் குறைவாகச் சென்றடைவதைப் போன்றது இது.

செப்புக் கம்பியின் தடையைக் கணிக்கும் முறை பின்வருமாறு:

தடை = 0.018 × நீளம் (மீற்றரில்) ÷ குறுக்குப் பரப்பு (சதுர மில்லிமீற்றரில்)

நீளத்தைக் கணக்கிடும்போது போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் சேர்த்தல் வேண்டும். கிணறு 100 மீற்றர் தூரத்தில் இருந்தால் கணக்கில் வரும் நீளம் 200 மீற்றராகும். பலர் பிழை விடுவது இவ்விடத்திலேயே.

குறுக்குப் பரப்பைக் கம்பியின் பெயரிலிருந்தே அறியலாம். கடைகளில் 7/0.67 எனக் கூறப்படும் கம்பியில் 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு இழைகள் உண்டு. விட்டத்தை விட்டத்தாற் பெருக்கி, 0.785 ஆலும் இழைகளின் எண்ணிக்கையாலும் பெருக்கினால் பரப்பு வரும். 0.67 × 0.67 × 0.785 × 7 = 2.47, அதாவது ஏறத்தாழ 2.5 சதுர மில்லிமீற்றர். இவ்வாறே 1/1.13 என்பது 1 சதுர மில்லிமீற்றர், 1/1.38 என்பது 1.5, 7/0.85 என்பது 4, 7/1.04 என்பது 6.

இனி, மேற்கூறிய 6 அம்பியர் மோட்டாரை வீட்டிலிருந்து 100 மீற்றர் தூரத்திலுள்ள கிணற்றடியிற் பூட்டுவோம். கம்பியின் பருமனுக்கு ஏற்ப இழப்பு பின்வருமாறு அமையும்.

1 சதுர மி.மீ. (1/1.13): தடை 3.6 ஓம், இழக்கப்படும் வோல்ற்று 21.6, வீணாகும் வலு 130 வாற்று.
1.5 சதுர மி.மீ. (1/1.38): தடை 2.4 ஓம், இழக்கப்படும் வோல்ற்று 14.4, வீணாகும் வலு 86 வாற்று.
2.5 சதுர மி.மீ. (7/0.67): தடை 1.44 ஓம், இழக்கப்படும் வோல்ற்று 8.6, வீணாகும் வலு 52 வாற்று.
4 சதுர மி.மீ. (7/0.85): தடை 0.9 ஓம், இழக்கப்படும் வோல்ற்று 5.4, வீணாகும் வலு 32 வாற்று.
6 சதுர மி.மீ. (7/1.04): தடை 0.6 ஓம், இழக்கப்படும் வோல்ற்று 3.6, வீணாகும் வலு 22 வாற்று.

கம்பியில் இழக்கப்படும் வோல்ற்று நூற்றுக்கு 5 வீதத்துக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். 230 வோல்ற்றில் அது 11.5 வோல்ற்றாகும். எனவே முதல் இரு கம்பிகளும் இத்தூரத்துக்கு உதவா. மூன்றாவது கம்பி போதுமானது, நான்காவது சிறந்தது.

மெல்லிய கம்பி விலை குறைந்தது என்பது உண்மையே. ஆனால் அது அந்த வீணான வலுவை நாள்தோறும் எடுத்துக்கொண்டேயிருக்கும். நாளொன்றுக்கு 5 மணி நேரமாக 90 நாட்களுக்கு இறைத்தால், 1 சதுர மில்லிமீற்றர்க் கம்பியில் வீணாவது 58 அலகு. 4 சதுர மில்லிமீற்றர்க் கம்பியில் வீணாவது 14 அலகு. மிச்சமாகும் 44 அலகைக் கொண்டு அதே பம்பியை இன்னும் 40 மணி நேரம் இயக்கலாம். எட்டு நாள் இறைப்புக்குப் போதிய மின்சாரம் மெல்லிய கம்பியைச் சூடாக்குவதிலேயே கழிந்துவிடுகின்றது.

அலுமினியக் கம்பியாயின் அதே பருமனுக்குத் தடை ஏறத்தாழ 1.6 மடங்காகும். அதற்கேற்பப் பருத்த கம்பியைத் தெரிவு செய்தல் வேண்டும்.

6. பம்பி தொடங்கும் வேளை

மோட்டார் ஓடும்போது எடுக்கும் மின்னோட்டம் 6 அம்பியராயினும், நின்ற நிலையிலிருந்து தொடங்கும் வேளையில் அது நான்கு மடங்கும் அதற்கு மேலும் எடுக்கும். நான்கு மடங்கு, அதாவது 24 அம்பியர் எனக் கொள்வோம். அவ்வேளையில் மோட்டார் 230 ÷ 24 = 9.6 ஓம் தடை போல நடந்துகொள்ளும். (மோட்டாரில் இருப்பது வெறுந் தடை மாத்திரமன்று, எனினும் மதிப்பீட்டுக்கு இவ்வாறு கொள்ளலாம்.)

1 சதுர மில்லிமீற்றர்க் கம்பியின் 3.6 ஓமையும் இதனோடு கூட்டினால் 13.2 ஓம். 230 ÷ 13.2 = 17.4 அம்பியரே ஓடும். மோட்டாருக்குக் கிடைப்பது 17.4 × 9.6 = 167 வோல்ற்று. மோட்டாரின் தொடக்கத் திருகுவிசை வோல்ற்றளவின் வர்க்கத்தைப் பொறுத்தது. 167ஐ 230 ஆல் வகுத்தால் 0.73, அதனை அதனாலேயே பெருக்கினால் 0.53. அதாவது மோட்டாரின் தொடக்க விசையிற் பாதியளவே எஞ்சியுள்ளது. நீர் நிரம்பிய பம்பியைச் சுழற்ற அது போதாமற் போகலாம். அப்பொழுது மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும். நின்ற நிலையில் பெரும் மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டேயிருப்பதாற் சில நிமிடங்களுக்குள்ளேயே சுருள் கருகிவிடும்.

4 சதுர மில்லிமீற்றர்க் கம்பியாயின் மொத்தத் தடை 10.5 ஓம், மோட்டாருக்குக் கிடைப்பது 210 வோல்ற்று, தொடக்க விசையில் நூற்றுக்கு 83 வீதம் கிடைக்கும். பம்பி தயக்கமின்றித் தொடங்கும். பம்பி ஒன்றே, கிணறு ஒன்றே; கம்பி மாத்திரமே வேறு என்பதைக் கவனிக்க.

ஆகவே முனகி நிற்கும் பம்பியை மீண்டும் மீண்டும் ஆளியைப் போட்டுத் தொடக்க முயலுதல் கூடாது. உடனே மின்சாரத்தை நிறுத்துக. பின்னர் காரணத்தைத் தேடுக. அச்சு இறுகியிருத்தல், கெப்பாசிற்றர் பழுதடைதல் என்பனவும் காரணமாகலாம். இவை இரண்டும் இல்லையெனில் கம்பியை ஐயுறுதல் வேண்டும்.

7. வோல்ற்று குறைந்தால் மோட்டார் என்ன செய்யும்?

இவ்விடத்திற் கேத்தலும் மோட்டாரும் வேறுபடுகின்றன. கேத்தலுக்கு வோல்ற்று குறைந்தால் அம்பியரும் குறையும், நீர் கொதிக்கச் சற்று நேரம் செல்லும், வேறு தீங்கில்லை. மோட்டாரோ நீரை இறைத்தே தீரவேண்டியிருப்பதால், வோல்ற்று குறைந்தால் அம்பியரைக் கூட்டி எடுக்கும். இதனை அறியாதார், "மின்சாரம் குறைவாக வருகின்றது, ஆகவே மோட்டாருக்குச் சுமையும் குறைவு" என எண்ணிப் பம்பியை ஓடவிடுவர். உண்மை அதற்கு நேர்மாறானது.

மாலையில் ஊர் முழுவதும் விளக்கெரியும் வேளையில் வீட்டு மின்சாரம் 216 வோல்ற்றாகக் குறைந்தது எனக் கொள்வோம். 230 வோல்ற்றிலிருந்து நூற்றுக்கு 6 வீதம் வரை ஏறியும் இறங்கியும் வழங்கப்படலாம் என்பது வழங்கல் விதியாதலின், இது அவ்வெல்லைக்கு உட்பட்டதே. 1 சதுர மில்லிமீற்றர்க் கம்பியில் மேலும் 26 வோல்ற்று இழக்கப்பட, கிணற்றடியில் எஞ்சுவது 190 வோல்ற்றாகும். அதே வேலையைச் செய்ய மோட்டார் ஏறத்தாழ 7.3 அம்பியரை எடுக்கும். 7.3 ÷ 6 = 1.22, அதனை அதனாலேயே பெருக்கினால் ஏறத்தாழ 1.5. சுருளில் உண்டாகும் வெப்பம் ஒன்றரை மடங்காகின்றது. சுருளைப் பொதிந்துள்ள காவற்பூச்சு, தாங்கத்தக்க எல்லைக்கு மேல் 10 பாகை செல்சியசு சூடேறுந்தோறும் தன் ஆயுளில் ஏறத்தாழப் பாதியை இழக்கும் என்பது பொதுவிதி. பத்தாண்டு உழைக்கவேண்டிய மோட்டார் இரண்டு மூன்று ஆண்டுகளிற் கருகுவது இவ்வாறே.

8. கம்பியின் தடையை அளந்தறியும் முறை

கம்பி ஏற்கனவே பூட்டப்பட்டிருந்தால் அதன் தடையைப் பின்வருமாறு அறியலாம். இவ்வளவீடுகளைத் தேர்ச்சி பெற்ற மின்னிணைப்பாளரைக் கொண்டே செய்விக்க வேண்டும். திறந்த முனைகளைக் கமக்காரர் தொடுதல் ஆகாது. அவர் தரும் எண்களைக் குறித்துக்கொண்டு கணக்கைச் செய்வதே கமக்காரரின் பங்கு.

பம்பி நீர் இறைத்துக்கொண்டிருக்கும் வேளையில் மூன்று அளவுகளை எடுக்குமாறு கேட்க:

(அ) வீட்டில், கம்பி தொடங்கும் இடத்து வோல்ற்று;
(ஆ) கிணற்றடியில், மோட்டார் முனையிலுள்ள வோல்ற்று;
(இ) மோட்டாருக்குச் செல்லும் அம்பியர். கம்பியை வெட்டாமல், சுற்றிக் கவ்விப் பிடித்து அளக்கும் மானியால் இதனை எடுக்கலாம்.

பம்பி நின்றிருக்கும்போது வோல்ற்றை அளப்பதாற் பயனில்லை. மின்னோட்டம் ஓடாதவிடத்து இழப்பும் இல்லை. அப்பொழுது மிக மெல்லிய கம்பியுங்கூட 230 வோல்ற்றைக் காட்டி ஏமாற்றும்.

வீட்டில் 228 வோல்ற்று, கிணற்றடியில் 212 வோல்ற்று, மின்னோட்டம் 6.4 அம்பியர் என வந்தது எனக் கொள்வோம். கம்பியில் இழந்தது 228 − 212 = 16 வோல்ற்று. தடை 16 ÷ 6.4 = 2.5 ஓம். பூட்டப்பட்ட கம்பி 2.5 சதுர மில்லிமீற்றர், தூரம் 100 மீற்றர் எனின் இருக்கவேண்டிய தடை 1.44 ஓமே. மிகையாக 1.06 ஓம் இருக்கின்றது. இது எங்கிருந்து வந்தது?

கம்பி கூறப்பட்டதிலும் மெல்லியதாக இருக்கலாம். இழைகளின் விட்டத்தை அளந்து இதனை அறியலாம். அல்லது எங்கோ ஒரு மூட்டுத் தளர்ந்தோ துருவேறியோ இருக்கலாம். தளர்ந்த மூட்டாயின், அங்கு உண்டாகும் வெப்பம் 6.4 × 6.4 × 1.06 = 43 வாற்று. நூறு மீற்றர்க் கம்பியிற் பரந்து உண்டாகும் வெப்பம் காற்றிற் கலந்துபோகும். விரலளவு மூட்டொன்றில் 43 வாற்று உண்டானால் காவலுறை உருகி எரியும். ஓலைக் கொட்டிலிலோ வைக்கோற் போரின் அருகிலோ இது நேர்ந்தால் விளைவைக் கூறவேண்டியதில்லை. ஆதலின் கணக்கில் மிகையான தடை தோன்றியவுடன் ஒவ்வொரு மூட்டையும் சோதிப்பித்தல் அவசியமாகும்.

9. உயிர்க்காப்பு

இதே விதி மனித உடலுக்கும் பொருந்தும். உலர்ந்த தோலின் தடை அதிகம். ஆனால் இறைப்பு வேளையில் கமக்காரர் ஈரக்கையுடனும் வெறுங்காலுடனும் சேற்றில் நிற்பர். அந்நிலையில் உடலின் தடை ஏறத்தாழ ஆயிரம் ஓம் அளவுக்குக் குறையலாம். 230 ÷ 1000 = 0.23 அம்பியர். ஒரு சிறு மின்குமிழ் எடுக்கும் இவ்வளவு மின்னோட்டமே இதயத்தை நிறுத்தப் போதுமானது. இதனாலேயே 0.03 அம்பியர் நிலத்துக்குக் கசிந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் றிப் சுவிச்சு பம்பியின் இணைப்புக்கு இன்றியமையாதது. மோட்டாரின் உலோக உடல் நிலக்கம்பியுடன் உறுதியாக இணைக்கப்பட்டிருத்தலும் வேண்டும்.

பன்றியையும் யானையையும் தடுக்கும் நோக்கத்துடன் வீட்டு மின்சாரத்தை நேரே வேலிக்கம்பியிற் பாய்ச்சுவோர் சிலர் உளர். இது சட்டவிரோதமானது. இதனால் அயலவரும், வேலியிட்டவரின் குடும்பத்தினரும், யானைகளும் உயிரிழந்துள்ளமை யாவரும் அறிந்ததே. முறையாக அமைக்கப்படும் மின்வேலியில், அதற்கெனச் செய்யப்பட்ட கருவி மிகக் குறுகிய துடிப்புகளை, ஏறத்தாழ ஒரு செக்கனுக்கு ஒன்றாக, இடைவிட்டு அனுப்பும். தொட்டவுடன் அதிர்ச்சி உண்டாகும். விலகிக்கொள்ள இடைவேளையும் உண்டு. வீட்டு மின்சாரத்திலோ அவ்விடைவேளை இல்லை, தொட்டவரைப் பற்றிக்கொள்ளும்.

10. கமக்காரர் கடைப்பிடிக்க வேண்டியவை

(1) பம்பி வாங்குமுன் வீட்டிலிருந்து கிணறு வரையுள்ள தூரத்தை அளந்து, இரண்டாற் பெருக்கிக்கொள்க.

(2) பெயர்த்தகட்டிலுள்ள அம்பியரைக் குறித்து, மேற்கூறியவாறு வோல்ற்றிழப்பைக் கணிக்க. அது 11.5 வோல்ற்றுக்கு மேற்படின் அடுத்த பருமனான கம்பியைத் தெரிவு செய்க.

(3) தேவைக்கு மேற்பட்ட பரிவலுவை வாங்குதல் கூடாது. பெரிய மோட்டார் கூடிய அம்பியரை எடுக்கும். அதற்குக் கம்பியும் பருமனாக வேண்டும்.

(4) இயன்றவரை மூட்டில்லாத ஒரே கம்பியை இடுக. மூட்டுத் தவிர்க்க முடியாததாயின் அதனை நீர் புகாத பெட்டியினுள் திருகாணியால் இறுக்குவிக்க. முறுக்கி நாடா சுற்றிய மூட்டு நில்லாது.

(5) நிலத்திற் புதைக்கும் கம்பியை ஏற்ற குழாயினுள் இட்டு, மண்வெட்டி படாத ஆழத்தில், ஏறத்தாழ 2 அடிக்குக் குறையாது புதைக்க. அது செல்லும் வழியை அடையாளமிட்டு வைக்க.

(6) அம்பியர் மிகும்போது மோட்டாரைத் தானாகவே நிறுத்தும் மிகைச்சுமைக் காப்பைப் பூட்டுவிக்க. அதனைத் தகட்டிலுள்ள அம்பியருக்கு ஏற்ப அமைப்பிக்க. அது அடிக்கடி விழுகின்றதெனின் காரணத்தைத் தேடுதல் வேண்டும். காப்பை நீக்குதலும் உருகிக்குப் பதிலாகத் தடித்த கம்பியை இடுதலும் கூடா.

(7) வோல்ற்று மிகக் குறையும் மாலை வேளையைத் தவிர்த்து, அதிகாலையில் இறைத்தல் மோட்டாருக்கும் பயிருக்கும் நன்று. அதிகாலை இறைப்பில் நீர் ஆவியாதலும் குறைவு.

(8) போகத் தொடக்கத்தில் ஒருமுறை மூன்று அளவுகளையும் எடுப்பித்துக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைக்க. அடுத்த போகத்தில் தடை ஏறியிருந்தால் மூட்டுப் பழுதை முன்கூட்டியே அறியலாம்.

11. பயிற்சிக் கணக்குகள்

கமக்காரர் தம் வீட்டில் பாடசாலை செல்லும் பிள்ளைகளுடன் இருந்து இக்கணக்குகளைச் செய்து பார்க்கலாம்.

கணக்கு 1. நீர் சூடாக்கும் கருவியொன்று 230 வோல்ற்றில் 4 அம்பியரை எடுக்கின்றது. அதன் தடை யாது? வலு யாது?

கணக்கு 2. கிணறு 60 மீற்றர் தூரத்தில் உள்ளது. மோட்டார் 6 அம்பியர். 1.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பி இத்தூரத்துக்குப் போதுமா?

கணக்கு 3. பம்பி ஓடும்போது வீட்டில் 226 வோல்ற்று, கிணற்றடியில் 211 வோல்ற்று, மின்னோட்டம் 6 அம்பியர். கம்பியின் தடை யாது? வீணாகும் வலு யாது?

விடைகள்

1. தடை 230 ÷ 4 = 57.5 ஓம். வலு 230 × 4 = 920 வாற்று.

2. நீளம் 120 மீற்றர். தடை 0.018 × 120 ÷ 1.5 = 1.44 ஓம். வோல்ற்றிழப்பு 6 × 1.44 = 8.6 வோல்ற்று. இது 11.5க்குக் குறைவாதலின் போதுமானது.

3. இழப்பு 15 வோல்ற்று. தடை 15 ÷ 6 = 2.5 ஓம். வீணாகும் வலு 6 × 6 × 2.5 = 90 வாற்று. இழப்பு 11.5 வோல்ற்றுக்கு மேற்பட்டமையாற் கம்பியையும் மூட்டுகளையும் சோதிப்பித்தல் வேண்டும்.

முடிவுரை

விதைக்கும் பசளைக்கும் கணக்குப் பார்க்கும் கமக்காரர், பம்பிக்குச் செல்லும் கம்பிக்கும் கணக்குப் பார்த்தல் வேண்டும். வெங்காயம் கிழங்கு பருக்கும் நாட்களில் நீர் தடைப்பட்டால் அந்த இழப்பைப் பின்னர் எந்தப் பசளையாலும் ஈடுசெய்ய இயலாது. தூரம், அம்பியர், கம்பியின் பருமன் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கணக்கிடுவதற்குச் சில நிமிடங்களே செல்லும். கணக்கில் ஐயமுண்டாயின் தாளைத் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ தேர்ச்சி பெற்ற மின்னிணைப்பாளரிடமோ காட்டி ஆலோசனை பெறுக. கம்பி வாங்கச் செல்லுமுன் இதனைச் செய்தல் நன்று.